மூன்று படி தவிடு

அம்பத்தூர்,
12.11.1972

அன்புள்ள ஞானம்,

நீ அனுப்பிய பார்சல் தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிட்டது. மஞ்சள் பாவாடையும் சட்டையும் எல்லம்மாளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தன. பண்டிகை முடிந்தும் கழற்ற மாட்டேன் என்று ஒரே அடம்.

நாங்கள் சுகம்தான், இந்த ஊர்த் தண்ணீர்தான் சுகமில்லை. கொதிக்க வைத்தாலும் துரு வாடை போகவில்லை. இவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு மாறி மாறி வருகிறது. ஒரே வீட்டில் நாலு குடித்தனம், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்கு யாரும் இல்லை. நம் ஊரில் பால் வாங்கப் போனால் வழியெல்லாம் பேச்சு. இங்கே பாலும் பாட்டிலில் வாயை மூடிக்கொண்டு வருகிறது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எதிர் போர்ஷன் மங்கம்மா பார்சலில் உன் பேரைப் படித்துவிட்டு, "யாருங்க இந்த ஞானசுந்தரி சாமுவேல், உங்க சொந்தமா?" என்று கேட்டாள். தையற்காரம்மா என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. எல்லம்மாள் என் புடவையைப் பிடித்து இழுத்து, "அவங்க என்னோட இன்னொரு அம்மா" என்றாள். மங்கம்மா சிரித்துவிட்டுப் போனாள்.

சாமுவேல் அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
தேவகி


உத்திரமேரூர்,
20.11.1972

அன்புள்ள தேவகி அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் இவரும் தையல் மெஷினும் நலமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். ஏரி நிரம்பியிருக்கிறது. அறுவடை நன்றாக இருக்கும், ரைஸ் மில்லில் வேலைக்குக் குறைவிருக்காது என்று இவர் சந்தோஷப்படுகிறார்.

தையற்காரம்மா என்று சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கடைத்தெருவில் பாதிப் பெண்களின் ரவிக்கை என் கையால் தைத்ததுதான். ஆனால் அக்கா, அடுத்த முறை மங்கம்மா கேட்டால் முழுக் கதையையும் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டுங்கள்.

உங்களுக்குப் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. மூன்றாவதாக இவள். பிள்ளையை வேறு சாமி கும்பிடுகிறவளுக்கு விற்றுவிட்டால் எமன் ஆள் தெரியாமல் திரும்பிப் போய்விடுவான் என்று உங்கள் மாமியார் தாயாரம்மாள் எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் உங்களோடு படித்தவள், பிள்ளையில்லாதவள் என்று என் பேர் அடிபட்டது. உங்கள் கொல்லையில், குப்பைமேட்டின் மேல் முறத்தில் பிள்ளை கிடந்தாள். மில்லிலிருந்து இவர் கொண்டுவந்த தவிட்டை முந்தானையில் கட்டிக்கொண்டு நான் வந்து நின்றேன்.

"இன்னா விக்கிறீங்க?"

"பொட்டப் புள்ள விக்கிறோம்."

"இன்னா வெல?"

"மூணு படி தவுடு. எடுத்துக்கினு போ, இனிமே அது எங்க புள்ள இல்ல."

சொல்லிக்கொடுத்தபடி சொன்னோம். நீங்கள் அழுதீர்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அப்படியும் எங்கள் உபதேசியார் விடவில்லை. "அஞ்ஞானிங்களோட சேந்துக்கினு தவுட்டு யாவாரம் பண்றியா?" என்று சபையில் எல்லோர் முன்னாலும் கேட்டு, அப்பமும் திராட்சரசமும் தருகிற ராப்போஜனத்தில் சேரக் கூடாது என்று கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்தார். ஆனால் அக்கா, முறத்திலிருந்து தூக்கியபோது அவள் என் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அதற்குப் பிறகு நம்புகிறேனா இல்லையா என்று என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வளர்ப்பது நீங்கள், சொந்தம் நான். அதுதானே ஏற்பாடு? முதல் சோறு என் வீட்டில். தீபாவளிக்குப் புதுத் துணி என் கையால். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு புடவை வைத்து நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்வீர்கள். அதுவரை அவள் என் பிள்ளை. உங்கள் தெருப் பிள்ளைகளில் என் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றவள் அவள் ஒருத்திதான். அதையும் மங்கம்மாவிடம் சொல்லுங்கள்.

இன்னொரு அம்மா என்று அவள் சொன்னதற்காக அவளை அதட்டாதீர்கள். அந்த வரியை இவருக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

உங்கள் அன்புள்ள,
ஞானசுந்தரி


அம்பத்தூர்,
8.10.1975

அன்புள்ள ஞானம்,

இவர் போர்மேன் ஆகிவிட்டார். எல்லம்மாளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அங்கே எல்லம்மாள் என்று கூப்பிட்டால் பிள்ளைகள் சிரிக்கின்றனவாம். இவர் பேரை எழிலரசி என்று மாற்றிவிட்டார். எழில் என்று கூப்பிடுகிறோம். நான் இன்னும் தவறிப்போய் எல்லம்மா என்று கூப்பிட்டு இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

எப்படி எழுதுவதென்று தெரியாமல் ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டேன். இந்தத் தீபாவளிக்குத் துணி அனுப்ப வேண்டாம். இவர் இப்போது பகுத்தறிவுக் கூட்டங்களுக்கெல்லாம் போகிறார். "தவுடாவது கிவுடாவது, இன்னும் அந்தக் காலத்துலயே கீறீங்களே" என்று கத்துகிறார். எழிலும் பாவாடை வேண்டாம் என்கிறாள், இங்கே எல்லாம் ரெடிமேட் கவுன். காலம் மாறிக்கொண்டிருக்கிறது ஞானம். இங்கே யாரும் அதையெல்லாம் நம்புவதில்லை. நான் மட்டும் செவ்வாய்க்கிழமையில் தலை வாருவதற்கு யோசித்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் மேல் ஒரு வருத்தமும் இல்லை. தவறாக நினைக்காதே.

தேவகி


உத்திரமேரூர்,
17.10.1975

அன்புள்ள அக்கா,

எழில் நல்ல பேர். எங்கள் ஆட்களும் வேதத்தில் இருந்து பேர் வைத்துக்கொண்டால் ஊர் மரியாதையாகக் கூப்பிடும் என்று வைத்துப் பார்த்தார்கள். கூப்பிடுகிற தொனி மாறவில்லை. அவளுக்காவது பலிக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் பகுத்தறிவு பேசுவதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். நானும் தவிட்டை நம்பாதவள்தானே, அவரும் நானும் ஒரே கட்சி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது என் வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிக்கச் சொல்லுங்கள். வருவாரா? உங்கள் மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர், எமனுக்குப் பயந்தவர். அந்தப் பயத்தில் தன் பேத்தியை எங்கள் தெருவுக்கு அனுப்பினார். பயம் போனதும் முதல் வேலையாக அந்தக் கதவைத்தான் சாத்துகிறீர்கள். எது பழசு எது புதுசு என்று எனக்குச் சில சமயம் பிடிபடவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், அடித்துவிட்டு மறுபடி எழுத இன்லண்டில் இடமில்லை.

துணி அனுப்பவில்லை. ஆனால் தைப்பதை விட முடியாது அக்கா. வருஷத்துக்கு ஒரு தடவை அவள் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து கவரில் போட்டு அனுப்புங்கள். அந்த அளவுக்குத் தைத்து, எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்குப் பொருந்துகிறதோ அவளுக்குப் போட்டுவிடுகிறேன். இந்த வருஷம் அவள் இவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று என் கண்ணெதிரே ஒரு பெண் ஓடிக்கொண்டிருப்பாள். அது போதும்.

ஞானசுந்தரி


உத்திரமேரூர்,
3.6.1979

அன்புள்ள அக்கா,

போன வாரம் உங்கள் நாத்தனார் பிள்ளை கல்யாணத்துக்கு எல்லோரும் ஊருக்கு வந்து போனீர்களாம். எனக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் சொல்லித்தான் தெரியும். செங்கல்பட்டு பஸ்ஸில்தான் திரும்புவீர்கள் என்று கணக்குப் பண்ணி, பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக் கடை ஓரமாக நின்றிருந்தேன். நீங்கள் பெட்டியை ஏற்றும் மும்முரத்தில் இருந்தீர்கள்.

அவளைப் பார்த்தேன். உங்களைவிட உயரமாகிவிட்டாள். நீங்கள் அனுப்பும் நூலில் உயரம் தெரிந்தது, நடை தெரியவில்லையே! தோளைக் கொஞ்சம் முன்னால் போட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறாள். நிமிர்ந்து நடக்கச் சொல்லுங்கள். கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. எல்லம்மா என்று கூப்பிடுவதா எழில் என்று கூப்பிடுவதா என்று யோசிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து ஒருவர் ரவிக்கையை இன்னொருவர் அளவுக்கு வெட்டித் தொலைத்தேன். இவர், "பேஜார் புடிச்ச பொம்பள, போய் பாத்துட்டுத்தான் வாயேன்" என்று திட்டினார்.

ஞானசுந்தரி


அம்பத்தூர்,
15.6.1979

அன்புள்ள ஞானம்,

நீ நின்றதை நான் பார்க்கவில்லை என்று எழுதினால் நீ நம்புவாயா தெரியாது.

அந்தக் கல்யாணத்தில் யாரோ எழிலை, "தவுட்டுக்கு வாங்கின பொண்ணாச்சே" என்று கேலி செய்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளையும் செய்கிற கேலிதான், அவளும் சிரித்திருக்கிறாள். பிறகுதான் பக்கத்திலிருந்தவர்கள், அவள் விஷயத்தில் அது நிஜம் என்று கொல்லையைக் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயதில் உன் வீட்டுக்கு ஓடி வந்ததெல்லாம் அவளுக்குக் கனவு போலத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், "எதுக்கும்மா என்னை வித்தீங்க?" என்று கேட்டாள். "நீ பொழைக்கத்தான்" என்றேன். "குப்பையில போட்டா பொழைக்கறது?" என்று உள்ளே போய்விட்டாள்.

இந்த வருஷம் நூல் அனுப்ப முடியவில்லை. அளப்பதற்கு நிற்க மாட்டேன் என்கிறாள்.

தேவகி


அம்பத்தூர்,
5.11.1984

அன்புள்ள ஞானம்,

ரொம்ப நாளாக எழுதவில்லை. சாமுவேல் அண்ணனுக்கு இப்போது இருமல் தேவலையா?

எழில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டாள். ஒரு வரன் அமைந்திருக்கிறது. பையன் எம்.எஸ்ஸி., பாங்கில் வேலை, சொந்த வீடு, டி.வி. எல்லாம் இருக்கிறது. ஜாதகத்தைக்கூட கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவர்கள். அப்பேர்ப்பட்ட வீட்டில், பையனின் அம்மா ஆண்டாளம்மாள் நம் ஊர்ப் பக்கம் விசாரித்ததில் தவிட்டுக் கதை தெரிந்துவிட்டது. "வெலைக்குப் போன பொண்ணத் திரும்ப வாங்காம எப்படித் தாரை வாத்துக் குடுப்பீங்க? அவ யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டார். இவர் பகுத்தறிவு பேசுவார் என்று பார்த்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "செஞ்சுட்டா போவுது" என்றார்.

ஆகையால் கார்த்திகையில் ஒரு நாள் நாங்கள் ஊருக்கு வருகிறோம். பழைய வீட்டுக் கொல்லையில், புடவை வைத்து உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறோம். அவர்கள் முன்னால் நீ, இது என் பிள்ளை இல்லை என்று மூன்று தரம் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பிறகு கொடுக்கல் வாங்கல், போக்குவரத்து இருக்கக் கூடாதாம்.

கல்யாணம் தை மாதம் காஞ்சிபுரத்தில். பத்திரிகை வரவில்லையே என்று நினைக்காதே. அவர்கள் பக்கத்து மனிதர்கள் ஒரு மாதிரி. பந்தியில் உனக்கு ஒரு குறை நடந்துவிட்டால் எனக்குத் தாங்காது.

தேவகி


உத்திரமேரூர்,
12.11.1984

அக்கா,

மாட்டேன்.

பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நீங்கள் அழுதபோது நம்பாமலே வந்தேன். ஒரு தாயின் பயத்துக்கு மரியாதை கொடுத்தேன். இப்போது யார் பயத்துக்கு? டி.வி. பார்க்கிறவர்கள், கம்ப்யூட்டரில் கிரகம் பார்க்கிறவர்கள், அவர்களுக்கு என் வாயால் மூன்று தரம் கேட்க வேண்டுமா? பந்தியில் எனக்குக் குறை வரும் என்கிறீர்கள். அந்தக் குறையை வைக்கப் போகிறவர்களிடம் போய்ச் சொல்வதை விட்டுவிட்டு என்னிடம் சொல்கிறீர்கள்.

எனக்கு நம்பிக்கை இல்லாத காரியம்தானே, வாயால் சொல்லிவிட்டால் என்ன என்று இவர் கேட்கிறார். நியாயம்தான். அடுப்பு ஊதிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன் அக்கா. முதல் தரமே வரவில்லை.

நான் மாட்டேன் என்று சொன்னதாக எழிலிடம் சொல்லுங்கள். அவள் வந்து என்னைக் கேட்கட்டும், அப்போது பார்க்கலாம்.

ஞானசுந்தரி


அம்பத்தூர்,
17.11.1984

ஞானம்,

உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். இதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போனது. இதுவும் போனால் அவள் முகத்தில் நான் விழிக்க முடியாது. பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது, அதை அவள் வாயால் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அன்றைக்கு என் பிள்ளையை எனக்குக் கொடுத்தவள் நீ. இன்னும் ஒரு தரம் கொடு.

வருகிற முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் வருகிறோம்.

தேவகி


உத்திரமேரூர்,
2.12.1984

அன்புள்ள அக்கா,

வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று தரமும் சொன்னேன். சத்தமாகச் சொல்லும்மா என்று உங்கள் சம்பந்தியம்மாள் சொன்னதால் மூன்றாவது தரத்தைச் சத்தமாகவே சொன்னேன். நீங்கள் வைத்த புடவை நல்ல புடவை. பார்க்கப் பிடிக்கவில்லை என்று இவர் எடுத்துப் பரணில் போட்டுவிட்டார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உள்ளே நீங்கள் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது எழில் கிணற்றடிக்கு வந்தாள். எனக்குக் கை கழுவத் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு பேச்சுக்காவது மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள். "அவங்க வித்தாங்க, நீங்களும் வித்துட்டீங்க. யாருக்குமே நான் வேணும்னு தோணலியா?" என்று கேட்டாள்.

நான் எழுதிய கடிதத்தை நீங்கள் அவளிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. சொல்லியிருக்கலாம் அக்கா. நானும் சொல்லவில்லை. மாலையும் கழுத்துமாக உட்காரப் போகிற பெண்ணுக்கு அம்மாவின் மேல் ஒரு கசப்பை ஏற்றி அனுப்ப மனம் வரவில்லை. ஈரக் கையோடு நின்றேன். அவள் கன்னத்தைத் தொடலாமா, இனிமேல் தொடுவதற்கு எனக்குப் பாத்தியதை உண்டா என்று யோசித்தேன் பாருங்கள், அந்த யோசனை வந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நம்பாத ஒரு சொல் என் கையைக் கட்டிப்போட்டது. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், அவள் போய்விட்டாள்.

ஏற்பாட்டின்படி இனி எழுதக் கூடாது. இது கடைசி. நன்றாக இருக்கட்டும். இரண்டு நாளாக ஜெபத்தில் அவள் பேர் வரும் இடத்தில் நாக்கு நிற்கிறது. தாண்டிப் போகவும் தெரியவில்லை.

ஞானசுந்தரி


அம்பத்தூர்,
4.8.1986

அன்புள்ள ஞானம்,

எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுத வேண்டி வந்துவிட்டது.

எழிலுக்கு முதலில் ஒன்று கலைந்து போனது. இப்போது எட்டாம் மாதத்திலேயே ஆண் பிள்ளை பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து அவள் மாமியார் வீட்டுக்கே கொண்டுபோயிருக்கிறோம். கை முஷ்டி ஒரு எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. டாக்டர் பயமில்லை என்கிறார். எழில் கேட்பதாக இல்லை. பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்குக்கு நேரே விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடுவதில்லை.

ஆண்டாளம்மாள் தவிட்டுக்கு விற்றுவிடலாம் என்று ஆரம்பித்திருக்கிறார். நான் எழில் கத்துவாள் என்று பார்த்தேன். அவள், "ஞானம் அம்மா வாங்குனாங்கன்னா சரி. அவங்க வாங்கித்தானே நான் பொழச்சேன்" என்றாள். பி.எஸ்ஸி. படித்தவள் ஞானம்!

வருவாயா?

தேவகி


உத்திரமேரூர்,
9.8.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் மெஷினில் இருந்தேன். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மில்லிலிருந்து வந்த இவர் யாராவது போய்விட்டார்களா என்று கேட்டார். இல்லை, வந்திருக்கிறார்கள் என்றேன்.

வாங்க மாட்டேன் அக்கா. இந்தத் தடவை மாட்டேன் என்றால் மாட்டேன்தான், எழிலிடம் இதையாவது மறைக்காமல் சொல்லுங்கள். வாங்கினால் ஒரு நாள் விற்க வேண்டும். அன்றைக்கு நான் உயிரோடு இருந்தால் என்னால் முடியாது. செத்துப்போயிருந்தால் உங்கள் சம்பந்தியம்மாள் கல்லறைக்கே வந்து மூன்று தரம் சொல்லச் சொல்வார்.

படித்துவிட்டால் பயம் போய்விடும் என்று நாம் எல்லோரும் நம்பினோமே, அதுவும் ஒரு நம்பிக்கைதான் போலிருக்கிறது. பயந்து போயிருக்கும் பெண்ணிடம் இதெல்லாம் மூடத்தனம் என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வேண்டியது தவிடு இல்லை. மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிற வேலையை அவள் கையிலிருந்து யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். நான் வாங்கிக்கொள்கிறேன். அவள் தூங்கட்டும். விலை கிடையாது, சாட்சி கிடையாது. ஆண்டாளம்மாளுக்குச் சம்மதமில்லை என்றால் அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நான் வாசல் வழியாகத்தான் வருவேன்.

அவள் கேட்ட கேள்விக்கு அன்றைக்குக் கிணற்றடியில் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். வேண்டும் என்று தோன்றியது, தோன்றாத நாள் ஒன்றுகூட இல்லை என்று நேரில்தான் சொல்ல வேண்டும்.

துணி தைக்கும் வேலைகளைப் பக்கத்து வீட்டுச் சிட்டம்மாளிடம் கொடுத்துவிட்டேன். பை தயாராக இருக்கிறது. ஆனால் அக்கா, எழில் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்கு எழுதவில்லை. இதைப் பார்த்தவுடன் தெருப் பேரும் கதவு நம்பரும் எழுதி அனுப்புங்கள். எந்த பஸ் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

ஞானசுந்தரி